திண்ணையும் தேர்வும்

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் நாட்களில், சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு தருமபுரிப் பேருந்து நிலையத்துக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வரும் முதற் பேருந்துகளினின்று சீருடையணிந்த சிறுவரும் சிறுமியரும் இறங்குவர். ஒரு கையில் சோற்றுத் தூக்கு. மறு கையில் விரித்தபடியே ஒரு குறிப்பேடு. உதடுகள் அசைந்தவண்ணம் இருக்கும். திக்ரு செய்கின்றனரோ என்று ஒரு கணம் எண்ணத் தோன்றும். அவர்கள் முணுமுணுப்பதோ ஐந்து மதிப்பெண் வினாக்களுக்குரிய விடைகள். பள்ளிக்கு முன்னே ஒரு தனிவகுப்பு. பள்ளி விட்ட பின்னே மற்றொரு தனிவகுப்பு. பொதுத் தேர்வு முடியும்வரை இதுவே அவர்தம் அன்றாடம்.

இவர்களைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ‘டியூஷன்’ என்று நாம் வழங்கும் இத்தனிப்பாடம் எக்காலத்தில் தோன்றியது? தேர்வு வந்ததனால் தனிப்பாடம் வந்ததா? தனிப்பாடம் முன்னதாயின், அது தன் பழைய பண்பை எங்கே இழந்தது? வரலாற்றைப் புரட்டிப் பார்த்து விடை காண்பது நம் பிள்ளைகளின் பொருட்டு இன்றியமையாததாகும்.

பத்துப் பிள்ளைகளின் எழுத்து

பள்ளிக்கூடம் என்னும் கட்டடத்துக்கும் தேர்வு என்னும் ஏற்பாட்டுக்கும் மிகவும் மூத்தது தனிப்பாடம். இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று ஒன்றுண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள், ஈட்டுத்தொகை கொடுக்க வகையற்றுக் கையெழுத்து மட்டும் அறிந்திருந்தோர்க்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு வழி வகுத்தார்கள். மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. அப்பிள்ளைகள் செவ்வனே கற்றுத் தேறிய பின்னரே ஆசானுக்கு விடுதலை என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணியை ஏற்ற ஜைது பின் ஸாபித் (ரலி) அவர்களும் அவ்வாறு எழுதப் பயின்றோருள் ஒருவர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மாணவன் தேறியதால் ஆசான் விடுதலை பெற்ற அந்நிகழ்ச்சியைத் தனிப்பாட வரலாற்றின் தலைவாயில் எனலாம்.

அப்பாசியர் காலத்தில் அரண்மனைகளில் ‘முஅத்திப்’ என்னும் இல்லாசிரியர் இருந்தனர். ஏழு காரிகளுள் ஒருவரும் இலக்கணப் பேரறிஞருமான இமாம் கிஸாயீ (ரஹ்) அவர்கள், கலீபா ஹாரூன் ரஷீதின் மைந்தர்களாகிய அமீனுக்கும் மஃமூனுக்கும் பாடஞ் சொன்னவர்கள். ஆக, அந்நாளிலேயே தனிப்பாடம் இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்று, பள்ளிவாசலில் வட்டமிட்டு அமர்ந்து எவரும் கேட்கத்தக்க பொதுப்பாடம்; மற்றொன்று, பொருள் உள்ளோர் தம் மக்களுக்கென அமர்த்திக்கொண்ட இல்லப்பாடம். இவ்விரு கிளைகளும் இன்றளவும் வாழ்கின்றன.

கற்பித்தவரே சோதித்த காலம்

அக்காலத்தில் ‘இஜாஸா’ என்னும் சான்றினை வழங்கியவர் கற்பித்த ஆசானே. இன்ன நூலை இன்னார் என்னிடம் ஓதி முடித்தார், இதனைப் பிறர்க்கு ஓதிக்கொடுக்கத் தகுதியுடையார் என்று தம் கையாலேயே எழுதித் தந்தார். மாணவனின் ஒழுக்கம், தயக்கம், தெளிவு அனைத்தும் அறிந்தவரே அவனை மதிப்பிட்டார். அம்முறையில் அன்பு உண்டு. சலுகைக்கும் இடம் உண்டு.

முன்பின் அறியாத ஒருவர் அமர்ந்து சோதிக்கும் முறைக்குப் பக்தாதில் ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித் சோதித்து இசைவு தந்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணை பிறந்தது. 860க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பெற்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும் குடும்பம் பெரிதென்றும் ஒப்புக்கொண்டு இறைஞ்சினார். தெரியாத நோயில் கைவைப்பதில்லை, எளிய மருந்துகளுக்கு மேல் தருவதில்லை என்ற உறுதியின்பேரில் ஸினான் அவரைத் தொழில் செய்ய விட்டார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். எவரிடம் பயின்றாய் என வினவ, நேற்று வந்த அம்முதியவரே என் தந்தையும் ஆசானும் என்றார்! அவருக்கும் அதே நிபந்தனை விதிக்கப்பட்டது.

நகைப்புக்கிடமான இக்கதையுள் ஒரு நுட்பம் உண்டு. தேர்வு தோன்றியது உயிரைக் காக்க. ஆளைக் கழித்துக்கட்ட அன்று. சீனத்தில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நடந்து 1905இல் நின்றுபோன அரசுப் பணித் தேர்வும், 1855இல் இலண்டனில் தொடங்கிய இந்திய சிவில் சர்விஸ் போட்டித் தேர்வும், பிறப்பையும் பரிந்துரையையும் பாராமல் அறிவை மட்டும் பார்ப்போம் என்னும் வாக்குறுதியுடனேயே நடத்தப்பெற்றன. அவ்வாக்குறுதி உயர்ந்ததே. அது நிறைவேறியதா என்பதே கேள்வி.

தருமபுரியில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கும்பினியாரின் கைக்கு மாறியது. அதனை ஆள வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழாண்டுகள் இப்பகுதியில் பணியாற்றிய அவர், தருமபுரியில் இல்லமும் தோட்டமும் அமைத்து வாழ்ந்தார். பாரசீகம் பயின்றவர், குடியானவரின் நிலம் நிலமாக நடந்து அளந்தவர்.

அவரே 1820இல் சென்னை மாகாணத்தின் கவர்னரானார். நிலத்தை அளந்த கை கல்வியையும் அளக்க முற்பட்டது. ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணாக்கர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு 1822இல் கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களைக் கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அவர் கண்ட கணக்கு.

நம் பொருளுக்கு உரிய செய்தி அதன்பின் வருகிறது. சென்னை நகரில் வீட்டிலேயே பாடங் கேட்போர் 26,903 பேர் என்று கணக்கு வந்தது. பள்ளி செல்வோரைப்போல் இது ஐந்து மடங்கு. இதில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும், உற்றாரிடமும் இல்லாசிரியரிடமும் பயில்வோர் தொகை சிறிதன்று என்பதை ஏற்று, ஆண்மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஏதோவொரு வகையில் கல்வி பெறுகின்றனர் என மதிப்பிட்டார். நம் மாகாணத்தில் தனிப்பாடம் அரசாங்கக் கணக்கில் ஏறிய வரலாறு இது. அதற்கு வித்திட்டவர் தருமபுரியில் வாழ்ந்தவர் என்பது நம் மாவட்டத்தார் அறியத்தக்கது.

ஜில்லாதோறும் இந்துக்களுக்கொன்றும் முஸ்லிம்களுக்கொன்றுமாக இரு தலைமைப் பள்ளிகளும், தாலுகாக்களில் சிறு பள்ளிகளும் வேண்டுமென அவர் திட்டமிட்டார். மறு ஆண்டே, 1827இல், காலராவுக்கு இரையானார். அவர் பெயரால் எழுந்த பள்ளிகளும் 1836இல் மூடப்பெற்றன.

அக்காலத் திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. ஆனால் மூத்த மாணவன் ‘சட்டாம்பிள்ளை’யாய் நின்று இளையோர்க்குப் பாடஞ் சொன்னான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே பிற சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இதனை இலண்டனில் நூலாக்கினார். ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பதே அம்முறையின் உயிர். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வினாத்தாள் ஆண்ட காலம்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி எழுந்த அது, தொடக்கத்தில் கற்பிக்கும் கழகம் அன்று. தேர்வு நடத்தும் கழகமே. அதன் வாயிலில் நின்றது மெட்ரிகுலேஷன் தேர்வு. கற்பித்தவர் ஒருவர், சோதிப்பவர் மற்றொருவர் என்னும் நிலை நம் நாட்டில் அத்தோடு வேரூன்றியது. 1911ஐ ஒட்டி எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தபோது, பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணையும் பொதுத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒரே சான்றேட்டில் பதிந்தனர். ஆசானின் மதிப்பீட்டுக்கும் அயலாரின் மதிப்பீட்டுக்கும் ஒரு சமரசம் காண முயன்றனர் எனலாம். காலப்போக்கில் அயலாரின் எண்ணே நிலைத்தது.

வினாத்தாள் அரசாண்டதும் அதற்கு ஊழியஞ் செய்ய உரைநூல்களும் டுட்டோரியல்களும் தோன்றின. தமிழ்நாட்டில் கோனார் உரை நுழையாத இல்லம் அரிது. இவற்றை முற்றும் இகழ நாம் துணியோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தனிப்பாடம் சொல்லி வந்த கார் என்பவர், தம் மாணவருக்காக ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளைச் சுருக்கித் தொகுத்தார். அத்தேர்வுத் துணைநூல் கும்பகோணத்துச் சிறுவன் ஒருவன் கையில் கிடைத்தது. அவன் அதிலிருந்த ஒவ்வொரு முடிவையும் தானே நிறுவிப் பார்த்தான். அவனே கணிதமேதை இராமானுஜன். நம் பக்கத்து ஈரோட்டில் 1887இல் பிறந்த அப்பேரறிஞர், கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், சென்னையில் சில காலம் தனிப்பாடம் சொல்லியும் பிழைத்தவர்! நூல் ஒன்றே, மனனம் செய்பவனுக்கு அது சுமை, ஆராய்பவனுக்கு அது ஏணி.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில், சுருக்க நூல்களின் பெருக்கம் கற்பித்தலுக்குக் கேடு என்று ஓர் அத்தியாயம் வகுத்தார். அறிவின் முடிவுகளைத் தொடக்கத்திலேயே மாணவன் வாயில் திணிப்பது அவனைக் குழப்பும் என்பது அவர் கருத்து. அவர் காட்டும் வழி, மூன்று சுற்று: முதற் சுற்றில் பாடத்தின் பொதுவடிவம், இரண்டாம் சுற்றில் விளக்கமும் வேறுபாடுகளும், மூன்றாம் சுற்றில் சிக்கல்களின் தெளிவு. இன்று தனிப்பாடம் நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த பாடத்திட்டம் யாது?

வறண்ட மண்ணில் விளைந்த மதிப்பெண்

1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதனின்று கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80ஆக இருக்க, தருமபுரியின் எழுத்தறிவு 68.5 மட்டுமே. மாவட்டங்களின் வரிசையில் இதுவே கடைசி. மழை பொய்க்கும் புன்செய் நிலம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் தாய் தந்தையர். பாட்டியின் பொறுப்பில் பிள்ளைகள் என்பது இங்கே பல குடும்பங்களின் கதை.

1978இல் பழைய பதினோராம் வகுப்பு முறை மாறிப் பத்தாம் வகுப்பும் மேனிலைக் கல்வியும் வந்தன. பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் திறவுகோலாயிற்று. 1984 முதல் 2006 வரை நுழைவுத் தேர்வும் உடன் நின்றது. இச்சூழலில் நாமக்கல்லிலும், பின்னர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளிலும் உண்டு உறைவிடத் தனியார் பள்ளிகள் பெருகின. 2014இல் பன்னிரண்டாம் வகுப்பில் மாநில முதலிடம் ஊத்தங்கரைப் பள்ளி ஒன்றுக்குக் கிட்டியது. எழுத்தறிவில் கடைசியாக நின்ற பகுதி மதிப்பெண்ணில் முதலாக நின்ற விந்தையை உலகம் கண்டது. வெளியூர்ப் பிள்ளைகள் பணம் கட்டி இங்கே வந்து பயின்றனர். உள்ளூர்ப் பிள்ளையோ அப்பள்ளியின் மதிலுக்கு வெளியே ஆடு மேய்த்தது.

இப்பயிற்சியின் உட்கூறையும் சொல்ல வேண்டும். பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டுகள் புகட்டின. இதனைத் தடுக்கவே 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு விதிக்கப்பெற்றது. மாணவரின் சுமை கருதி 2025இல் அது கைவிடப்பெற்றது. மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கமும் 2017இல் நிறுத்தப்பெற்றது. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் தேறினோரை வரிசையிட்டுப் படிக்கும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு நின்றதை இதனோடு ஒப்பிடலாம்.

அவ்வாண்டிலேயே நீட் தேர்வும் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. தருமபுரி நகரிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. எனினும் அதன் வாயிலைத் திறக்கும் சாவி, ஆண்டு முழுதும் கட்டணம் பெறும் பயிற்சி நிலையங்களின் கைக்குச் சென்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாகியிராவிடில் நம் கிராமத்துப் பிள்ளைகளின் நிலை மேலும் இரங்கத்தக்கதாகியிருக்கும்.

ஆக, வரலாறு நமக்குக் காட்டுவது இது: வினாத்தாள் அனைவர்க்கும் ஒன்றே, ஆயின் அதனை எதிர்கொள்ளும் ஆயத்தம் ஒன்றன்று. ஆயத்தம் விலைக்கு விற்கப்படுமிடத்துப் பொதுத் தேர்வு என்னும் சொல்லில் ‘பொது’ என்பது பொருளிழந்து போகிறது.

நாம் செய்த பிழை

ஏட்டறிவோடு நிற்காமல் நம் அனுபவத்தையும் இங்கே வைக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடஞ் சொன்னோம். ஒரு சிறுமி. தந்தை பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் பேச்சு உருது. பள்ளியில் எழுத்துத் தமிழ். அறிவியலை அவள் வாயால் கேட்டால் தெளிவாகச் சொல்வாள். தாளில் எழுதச் சொன்னால் தடுமாறுவாள். காலம் குறுகியதென்று அஞ்சி, துணைநூலின் விடைகளை அப்படியே மனனம் செய்யுமாறு அவளைப் பணித்தோம். கிதாபுகளை மனனம் செய்து வளர்ந்த நமக்கு அதுவே எளிய வழியாய்த் தோன்றியது.

தேர்வில் வினா சற்றே மாறி வந்தது. அவள் மனனம் செய்த விடையை வினாவைப் பாராமல் எழுதிவிட்டு வந்தாள். முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது. மறு வாரமே அவளை ஆயத்த ஆடை ஆலைக்கு அனுப்பும் பேச்சு வீட்டில் எழுந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தோற்றது அவளன்று, நம் கற்பிக்கும் முறை.

துணைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அவள் தந்தையிடம் அவ்வளவு காலம் மட்டும் பொறுக்குமாறு கெஞ்சினோம். துணைநூலை மூடி வைத்தோம். ஏழாம் வகுப்புப் பயிலும் அவள் தம்பியை எதிரே அமர்த்தி, “இவனுக்கு விளங்கும்படி சொல், பிறகு சொன்னதையே தமிழில் எழுது” என்றோம். முதலில் உருதுவில் சொன்னாள். பின் இரண்டும் கலந்து சொன்னாள். முடிவில் தமிழிலேயே எழுதினாள். அவள் பெற்றது ஐம்பத்திரண்டு. பெரிய எண்ணன்று. ஆனால் பதினோராம் வகுப்பில் சேர அது போதுமாயிருந்தது. அவளுக்கு நாம் செய்த உதவி, பழைய சட்டாம்பிள்ளை முறையை நினைவுகூர்ந்தது மட்டுமே.

செய்யக் கூடியவை

சட்டமும் அரசும் தத்தம் அளவில் முயன்றுள்ளன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் தனிப்பாடம் நடத்துவதைத் தடுக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, தன்னார்வலரைக் கொண்டு மாலைநேரப் பாடம் நடத்தியது. திண்ணை மீண்டும் உயிர்பெற்றது போன்றதொரு காட்சியே அது.

நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திராமல் எட்டாம் வகுப்பிலேயே தொடங்குதல். அவ்வகுப்பினர்க்குரிய தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் மனத்திறனில் 90, பாடங்களில் 90 என வினாக்கள் வரும். தேர்ந்தெடுக்கப்பெறுவோர்க்கு நான்காண்டுகள் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் கிட்டும். ஒன்பதாம் வகுப்புக்குரிய ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டந்தோறும் ஐம்பது மாணவரும் ஐம்பது மாணவியரும் தேர்வாகின்றனர். இவற்றை அறியாத குடும்பங்கள் நம்முள் பல. இரண்டாவது, வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதும் பயிற்சியைத் தனியே அளித்தல். மூன்றாவது, சென்ற ஆண்டு தேறிய பிள்ளைகளையே இவ்வாண்டுப் பிள்ளைகளுக்குச் சட்டாம்பிள்ளைகளாக அமர்த்துதல். கற்பிப்பவனும் அதனால் இருமுறை கற்கிறான். இதற்குக் கட்டடம் வேண்டா. ஒரு விளக்கும் ஒரு பாயும் போதும். பெண்மக்களுக்கென ஒரு வீட்டுத் திண்ணையை ஒழித்துக் கொடுத்தாலும் போதும்.

அதியமான் ஆண்ட தகடூர் இது. கிட்டுதற்கரிய நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கு ஈந்த மன்னனின் மண் இது. நம்மிடம் உள்ள சிறு கல்வியும் ஒரு நெல்லிக்கனியே. பத்ருக் களத்துக் கைதி, பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துத் தன் விலங்கைக் கழற்றிக்கொண்டான். பட்டமும் பதவியும் பெற்று வாழும் நாம், நமக்குக் கிட்டிய கல்விக்கு ஈடாக எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றினோம்? பத்து வேண்டா, மஹல்லாவுக்குள் ஒருவர் ஒரு பிள்ளையின் கையைப் பற்றினாலும், வருகின்ற பங்குனியில் அப்பேருந்து நிலையத்தில் அசையும் உதடுகளில் அச்சம் குறைந்திருக்கும். அதற்கான மனத்தையும் பொறுமையையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!